நாமக்கோழிக்கு யார் பங்காளி?

டிசம்பர் 28, ஞாயிறு

ஆவுடையப்பன் ஒலி-ஒளி அமைப்பகத்தின் தனிப்பெரும் அதிபரும், திருநெல்வேலிச் சீமையின் அத்தனை கோயில் கொடை விழாக்களுக்கும் தன் தொண்டையைத் தானம் செய்தவனும், உலகத்துப் பெண்களுக்குள் சண்டை வந்துவிடக் கூடாதே என்று ஐம்பத்திரண்டு வயதுவரை கல்யாணமே செய்யாமல் காத்தவனுமாகிய நான், இன்று முதல் பறவை அறிஞன். அண்ணன் மகள் லோசனாவின் ஆணை. அவள் நீர்ப்பறவைகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அரியமுத்தன்குளத்துக் கரையில் பறவைத் திருவிழா. மைக்கில் நான்தான் வர்ணனை.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடக்கூடாது சித்தப்பா. தினமும் கத்துக்கிட்டதை எழுதி வைங்க."

அதனால் இந்த டைரி.

முதல் பாடம் இன்று காலை குளத்தங்கரையில். குளத்தில் ஒரு லட்சம் பறவை இருந்தது. (லோசனா நானூறு என்கிறாள். படித்தவர்களுக்குத் தாராள மனசு கிடையாது.) கூட வந்தவர்கள் இரண்டு பேர். மாட்டு டாக்டர் சேர்மத்துரை, அவனுடைய அத்தை இந்திராணி டீச்சர். தாய் தகப்பன் இல்லாத சேர்மத்துரையை எடுத்து வளர்த்து டாக்டராக்கியவர் டீச்சர்தான். அதில் தன் கல்யாணத்தை மறந்தே போனார் என்று ஊரில் சொல்வார்கள். உயிரியல் டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் தவளை அறுத்தவர்கள்.

கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், தண்ணீரில் ஜம்மென்று மிதந்துபோகிற ஒன்றைப் பார்த்தேன். "இதோ வருகிறது வைணவ வாத்து!" என்று அறிவித்தேன். பாதிக் குளம் பயந்து பறந்தது.

"அது வாத்து இல்ல, நாமக்கோழி" என்றாள் லோசனா. "வாத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

"வாத்து மாதிரி மிதக்குதே?"

"மிதந்தா வாத்தா? நீங்களும்தான் ஆத்துல மிதக்கீங்க."

டீச்சர் சிரித்துவிட்டுத் தன் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். "கரையேறும்போது காலைப் பாருங்க அண்ணாச்சி. வாத்துக்கு விரலுக்கு நடுவுல முழுத்தோல் இருக்கும். இதுக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா மடல். இது சாதியில தாழைக்கோழிக்குப் பங்காளி, பெருங்கொக்குக்குத் தூரத்துச் சொந்தம். வாத்து இருக்கிற தண்ணியில பிழைக்க வந்துச்சு, தண்ணி அதுக்கும் வாத்து வேஷம் கட்டிவிட்டுருச்சு. மேல்சட்டையைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது."

பார்த்தேன். உண்மைதான். வேப்பிலை கட்டின மாதிரி விரல்கள்.

தொலைநோக்கியில் மல்லிகைப்பூ வாசனை அடித்தது. அறிவியல் துல்லியத்துக்காக மட்டுமே குறிக்கிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

தலைக்குச் சாயம் வாங்கினேன். கடையில் தூசி அதிகம். வெள்ளை முடியில் அழுக்குச் சீக்கிரம் தெரிகிறது.

டிசம்பர் 31, புதன்

லோசனா கடைக்கு வந்தாள். ஸ்பீக்கர் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"சித்தப்பா, நான் சேர்மத்துரையைக் கட்டிக்கப் போறேன். அப்பாட்ட நீங்கதான் சொல்லணும்."

என் கையிலிருந்த சால்டரிங் இரும்பு என் வேட்டியில் ஒரு சந்திரகிரகணம் போட்டது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"குளத்துக்குப் போனது பறவை எண்ணவா, இல்ல..."

"பறவையும் எண்ணுனோம்."

பையன் தங்கம். ஓசூருக்கு மாற்றல் ஆகிறது, மேயில் போகிறான். என் அண்ணன் பிரமநாயகமோ கரையடி மாடன் கோயில் நிர்வாகி. நிர்வாகியாக இல்லாதபோதும் அதே முகத்தைத்தான் வைத்திருப்பார். அவரிடம் பேசுவது எனக்கு மோர் குடிக்கிற மாதிரி என்று லோசனாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 1, வியாழன்

மோர் புரையேறிவிட்டது.

அண்ணன் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் வருத்தப்பட்டார்.

"பையன் மேல ஒரு குறை சொல்ல முடியாதுடே. ஆனா முறை இல்லையே! ரெண்டு வீட்டுக்கும் குலசாமி ஒண்ணு. கரையடி மாடனைக் கும்பிடுதவன் எல்லாம் பங்காளி. அவன் இவளுக்கு அண்ணன் முறைலே. அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டிவச்சா அந்த மாடன் என்னை விடுவானா?"

"அண்ணே, நாம என்னைக்கு அவுகளோட ஒரே வீட்டுல இருந்தோம்? எப்படிப் பங்காளின்னு யாருக்காவது தெரியுமா?"

"எப்படின்னு தெரியாது. பங்காளின்னு தெரியும். அது போதும்."

மதினி அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தார். அது யார் பக்கத்து ஓட்டு என்று தெரியவில்லை.

அதோடு, தை எட்டாம் தேதி மதுரையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு பெண் பார்க்க வருகிறதாம். ஏற்பாடு எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் கணக்குப்படி இந்திராணி டீச்சர் எனக்குத் தங்கச்சி முறை. சும்மாதான் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறதா என்று இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன். அதே விடை.

ஜனவரி 4, ஞாயிறு

குளத்தங்கரைப் பாடம் இரண்டு. லோசனாவின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் பாடத்தில் கறார்.

முக்குளிப்பான் என்று ஒரு குட்டிப் பறவை. தேங்காய் மட்டைத் துண்டு மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி, அடுத்த தாலுகாவில் எழும்பும். அதற்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? தூத்துக்குடி உப்பளத்தில் நீளக் காலில், ரோஜாப்பூ நிறத்தில், மகாராணி மாதிரி நடக்கிற பூநாரை! மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். நான் நம்பவில்லை.

"ஏன் நம்பாம? அப்பா ஆறடி, நீங்க அஞ்சடி. உங்களை அண்ணன் தம்பின்னு யாராவது நம்புதாங்களா?" என்றாள்.

ஒன்றுபோல இருக்கும் கொக்கும் நாரையும் தூரத்துச் சொந்தம். கொக்குக்கு நெருங்கிய சொந்தம், தாடையில் மீன் பையைத் தொங்கவிட்டுத் திரிகிற கூழைக்கடா. தாரா என்றால் வாத்து; ஆனால் பாம்புத்தாரா பேரில்தான் தாரா, வாத்துக்கு அது ஒன்றும் ஆகாது. பறவைக் குலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தால் அச்சகத்துக்காரன் பைத்தியமாகி ஓடிவிடுவான்.

டீச்சரும் சேர்மத்துரையும் தள்ளி நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது லோசனா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஓடிப்போகமாட்டேன் சித்தப்பா. அப்பா முகத்தைப் பார்க்காம என்னால இருக்க முடியாது. ஆனா மதுரைக்காரங்களுக்குக் கழுத்தை நீட்டவும் மாட்டேன். இப்படியே இருந்துருவேன். உங்களை மாதிரி."

"என்னை மாதிரியா? நான் ராஜா மாதிரில்லா இருக்கேன்!" என்றேன்.

"அதான்" என்றாள்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டல் சாம்பாரில் ஏதோ கோளாறு.

ஜனவரி 6, செவ்வாய்

மும்பையில் சிவசைலம் பெரியப்பா நேற்றுக் காலமானார். தொண்ணூற்றேழு வயது. அண்ணன்கூட அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பங்காளி. பதினாறு நாள் தீட்டு. ஆகவே இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. கரும்பு இல்லை, கோலம் இல்லை, சர்க்கரைப் பொங்கல் இல்லை. மும்பைக்கும் நமக்கும் ஆயிரம் மைல். தீட்டுக்கு ரயில் டிக்கெட்கூட வேண்டாம், அரை நிமிஷத்தில் வந்துவிட்டது.

மதுரைக்காரர்கள் தேதி தள்ளுவார்கள் என்று ஒரு நப்பாசை. அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "தை எட்டுக்கு முன்னாலயே தீட்டு கழிஞ்சிருது" என்றார். மனுஷர் கணக்கில் புலி.

ஜனவரி 10, சனி

லோசனா மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. பறவைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். நீர்க்காகத்துக்குக் கண்ணே வைக்கவில்லை. கேட்டேன். "மறந்துட்டேன்" என்றாள்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல் (நமக்கு இல்லை)

பிற்காலத்தில் இந்த நாளுக்கு அரசு விடுமுறை விடுவார்கள். ஏற்கெனவே விடுமுறை என்பது வேறு விஷயம்.

காலையில் தீட்டு வீட்டில் இட்லி. அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல், ஸ்பீக்கர் கட்ட இடம் பார்க்கலாமே என்று குளத்தங்கரைக்குப் புறப்பட்டேன். குளத்துக்கு நேர்வழி இருக்கிறது. இருந்தாலும் டீச்சர் தெரு வழியாகப் போனால் வெயில் குறைவு.

டீச்சர் வீட்டு வாசலில் என்ன பார்த்தேன்! தேர் அகலத்துக்குக் கோலம். இரண்டு பக்கமும் கரும்பு. புதுப்பானை பொங்கி வழிய, சேர்மத்துரை தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு தனியாளாகக் குலவை போட முயற்சி செய்துகொண்டிருந்தான். கன்றுக்குட்டிக்கு வயிற்றுவலி வந்த மாதிரி இருந்தது.

"வாங்க அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு வாய் பொங்கல் சாப்பிடுங்க" என்றார் டீச்சர்.

"டீச்சர், தீட்டு! சிவசைலம் பெரியப்பா போயிட்டாரே, தெரியாதா?"

"கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக்கு வந்து துக்கமும் கேட்டேனே. ஆனா எங்களுக்கு உங்க தீட்டு கிடையாதே."

"எப்படிக் கிடையாது?"

"எங்கப்பா ஒருநாளும் காத்ததில்ல. உங்க வீட்டுச் சாவுக்கு மொட்டை போட்டதுமில்ல. உங்க தாத்தா போனப்பகூட எங்கப்பா கோடி வேட்டி எடுத்துட்டுப் போனாகளாம். அம்மா சொல்லியிருக்கா. நாங்களும் அப்படியே விட்டுட்டோம். ஏன்னு கேட்..."

டீச்சர் நிறுத்தினார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

தமிழ்நாட்டில் பங்காளி மொட்டை போடுவான். கோடித்துணி எடுத்துக்கொண்டு வருகிறவன் சம்பந்தக்காரன்! பெண் கொடுத்தவன், இல்லாவிட்டால் எடுத்தவன். மாமன், மச்சான் முறைக்காரன்!

நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நாமக்கோழி" என்றேன் நான்.

"காலு" என்றார் டீச்சர்.

சேர்மத்துரை எங்கள் இருவரையும் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற பார்வை பார்த்தான். அவனுக்கு நான் விளக்கினேன்: "மாப்ளே, இத்தனை காலமா உங்க மேல்சட்டையைப் பார்த்து உறவு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். குலசாமி மேல்சட்டைடே! இந்தக் கரையில பிழைக்க வந்தவன் இந்தக் கரைச் சாமியைத்தான் கும்பிடுவான்."

அவன் தாம்பாளத்தைக் கீழே போட்டான். அந்தச் சத்தம்தான் இன்றைக்கு உண்மையான குலவை.

தீட்டுக்காரன் பொங்கல் சாப்பிடலாமா என்று சாஸ்திரத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சான்றுகளை நன்றாக ஆராய வேண்டியிருந்தது.

அதே நாள், சாயங்காலம்

நேராக அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்வது சிறுபிள்ளைத்தனம். முதலில் அவரைக் கொதிக்கவிட்டேன்.

"அண்ணே, டீச்சர் வீட்டுல பொங்கல் வச்சிருக்காக. கரும்பு கட்டி, கோலம் போட்டு..."

"என்னது! தீட்டுல பொங்கலா? என்ன திமிரு! பங்காளி செத்துக் கிடக்கான்..."

பானை நன்றாகக் கொதித்த பிறகு கேட்டேன்: "அவுக அப்பா நம்ம வீட்டுச் சாவு எதுக்காவது மொட்டை போட்டு நீ பார்த்திருக்கியா?"

அண்ணன் தன் தலையைத் தடவினார். "அவரு சுருட்டை முடிக்காரரு. அதுமேல ஆசை."

"தாத்தா சாவுக்கு அவர் கோடி வேட்டி கொண்டு வந்தாராமே?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "மாப்பிள்ளை மாலை."

வருஷா வருஷம் கரையடி மாடன் கொடையில் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு மாலை வரும். அதற்குப் பேர் மாப்பிள்ளை மாலை. "இப்போது மாப்பிள்ளை மாலை வந்துகொண்டிருக்கிறது, வழி விடுங்கள்!" என்று மைக்கில் அறிவிக்கிற திருவாய் சாட்சாத் என்னுடையது. மாடனை மாப்பிள்ளை மாதிரி அலங்கரிக்கிறார்கள், அதனால் அந்தப் பேர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நானும்தான். இத்தனை வருஷமாக உண்மையை நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். கத்தினவன் காதிலேயே விழவில்லை.

மாப்பிள்ளைக்குப் போடுகிற மாலை இல்லை அது. மாப்பிள்ளை வீட்டு மாலை! நம் வீட்டுப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்ட ஏதோ ஒரு மருமகன், மாமனார் வீட்டுச் சாமிக்குப் போட்ட மாலை.

அண்ணன் கோயில் பூசாரிக்குப் போன் போட்டார். பூசாரி ஸ்பீக்கரில் சாவகாசமாகச் சொன்னார்: "ஆமா, அவுக பூட்டன் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவுகதானே? எங்கப்பா சொல்லுவாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"நீ ஏன்யா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க நிர்வாகி. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நினைப்பேன்?"

போனை வைத்த அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேறு எதையோ எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: "அப்போ டீச்சரோட அண்ணன், அதான் சேர்மத்துரையோட அப்பா, எனக்கு மச்சான்லே. சாகுற வரைக்கும் அவனைத் தம்பின்னு கூப்பிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஒரு கேலி பண்ணல. மச்சானைக் கேலி பண்ணாமலேயே அனுப்பி வச்சிட்டேனேடே!"

அவரைத் தேற்றுவதற்குள் லோசனா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கையெல்லாம் பெயின்ட். அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகில் பத்து விரலும் பதிந்தது. அவர் மதுரைக்குப் போன் பண்ண நம்பர் தேடினார்.

எல்லாம் சுபமாக முடிகிற நேரத்தில் மதினி கரண்டியோடு வந்தார்.

"அப்படின்னா கொழுந்தனாரே, டீச்சர் உங்களுக்கு என்ன முறை?"

கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் வந்துவிட்டது ஞாபகம் வந்து உடனே கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

ஆம்ப்ளிஃபயர் அணைத்துத்தான் இருந்தது.

மாமா மகள் முறை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பறவைத் திருவிழா. பத்தாயிரம் பேர் திரண்டார்கள். (லோசனா நூற்றைம்பது என்கிறாள். அவள் வழக்கம்.)

என் வர்ணனையில் குளம் கிறங்கியது. நீர்க்காகம் இறக்கையை விரித்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. "காகம் என்று பேர் இருப்பதால் வடை வைக்காதீர்கள், அதற்குக் காக்கா சொந்தமில்லை! வேட்டி ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவன் மாதிரி காயப்போட்டுக்கொண்டிருக்கிறது பாருங்கள்" என்றேன். டீச்சர் மைக்கை வாங்கிச் சேர்த்துச் சொன்னார்: "அதோட இறகு தண்ணியில நனையும். நனைஞ்சா கனம் கூடும், ஆழமா முங்கி மீன் பிடிக்கலாம். குறை மாதிரித் தெரியறதுதான் அதுக்குப் பிழைப்பு." மைக்கைத் திருப்பித் தந்தார்.

தாமரைக்கோழியில் ஆண்தான் அடைகாக்கும், ஆண்தான் குஞ்சு வளர்க்கும் என்று அறிவித்தபோது பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கைதட்டலில் நாமக்கோழிகள் எல்லாம் அடுத்த குளத்துக்குக் குடிபெயர்ந்தன.

இன்று டீச்சர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. டீ கொடுக்கும்போது "இந்தாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் வழக்கமாக இருக்கிற ஒரு சொல் குறைந்தது. டீ நன்றாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன், தை எட்டு

மதுரைக்காரர்களுக்கு வைத்திருந்த நல்ல நேரத்தை அண்ணன் வீணாக்கவில்லை. டீச்சரும் சேர்மத்துரையும் தட்டோடு வந்து லோசனாவுக்குப் பூ வைத்தார்கள். வைகாசியில் கல்யாணம். அண்ணன் சேர்மத்துரையைப் பார்த்து, "என்ன மாப்ளே, மாட்டைப் பார்த்துப் பார்த்து நீயும் அசைபோட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேலி செய்தார். மச்சானுக்குச் சேர வேண்டியதை மகனிடம் தீர்க்கிறார். பையனுக்கு இனி விமோசனம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உள்ளே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவங்க ரெண்டு பேரும் மேயில ஓசூர் போயிருவாங்க" என்றார்.

"ஆமா."

"அவன் இருக்கும்போது வீட்டுல எப்பவும் பேச்சு இருக்கும். இனிமே சாயங்காலம் ஆனா ரேடியோவைத்தான் போட்டு வைக்கணும்."

"நல்ல ரேடியோ கடையில இருக்கு. கொண்டுவந்து தாரேன்" என்றேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் இதைவிட மடத்தனமாக நான் பேசியதில்லை. பேசியிருந்தால் அது இந்த நொடிக்கு எடுத்த பயிற்சி.

டீச்சர் வயரின் இன்னொரு முனையை எடுத்துச் சிக்கல் எடுத்துக்கொண்டே கேட்டார்: "உங்க மதினி நேத்து வந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிச்சிட்டேன். எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

பெரிசாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம். ஏழு கடல், பதினான்கு லோகம், ஆயிரம் யானை, எல்லாம் தயாராகத்தான் இருந்தன.

"சரி" என்றேன். மைக் இல்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.